வீட்டு ஆரோக்கியத்துக்குப் போன் செயலிகள்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது, எப்படி அமைக்க வேண்டும்

பிளே ஸ்டோரில் 'பிரஷர்', 'சுகர்', 'ஸ்லீப்', 'வாட்டர்' என்று எதைத் தேடினாலும் செயலிகள் வரிசை கட்டி நிற்கின்றன. விரலைக் கேமராமேல் வைத்தால் ரத்த அழுத்தம் சொல்வதாக ஒன்று, ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாக ஒன்று, அறையின் ஈரப்பதத்தைக் காட்டுவதாக இன்னொன்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அம்மாவின் போனில் நான்கைந்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மாதம் கழிந்தால் பாதிச் செயலிகள் மணியடிப்பதை நிறுத்தியிருக்கும், மீதியில் விளம்பரம்தான் ஓடும். எது உதவும் எது உதவாது என்று தெரிய, போன் எதை அறிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போனுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண போனில் அசைவை உணரும் முடுக்கமானி, ஜிபிஎஸ், கேமரா, மைக், வெளிச்சத்தை உணரும் உணரி ஆகியவை இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கக் கையைச் சுற்றி இறுக்கும் பட்டை வேண்டும்; போனில் அது கிடையாது. சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தமும் ஸ்ட்ரிப்பும் வேண்டும், அதுவும் கிடையாது. அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரிகள்கூடப் பெரும்பாலான போன்களில் இல்லை.

அதனால் ஆரோக்கியச் செயலிகள் செய்யும் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. நினைவூட்டுவது: மாத்திரை, தொட்டி கழுவுதல், தூங்கும் நேரம். இதைப் போன் மிக நன்றாகச் செய்யும், ஒழுங்காக அமைத்திருந்தால்.
2. குறித்து வைப்பது: நீங்கள் அளந்த பிரஷர், சர்க்கரை, எடை. நீங்கள் எழுதுவது சரியாக இருந்தால் பதிவும் சரியாக இருக்கும்.
3. அளப்பது. இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. 'எந்த உணரியைக் கொண்டு அளக்கிறது?' என்ற கேள்விக்குச் செயலியிடம் பதில் இல்லையென்றால், அது காட்டும் எண் ஊகம்.

நாடித்துடிப்பு இதில் ஒரு விதிவிலக்கு. விரலைக் கேமராமேல் வைத்து ஃபிளாஷை எரியவிட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ஓடும் ரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா நிறமாற்றமாகக் காண்கிறது. விரல் அசையாமல், குளிர்ந்து போகாமல் இருந்தால் ஓரளவு சரியான துடிப்பு எண் கிடைக்கும். ஆனால் அதே விரலை வைத்து 120/80 என்று பிரஷர் காட்டும் செயலியை நம்பவே கூடாது. அப்படிப் பரவலாக விற்ற ஒரு செயலியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேலானோருக்கு அது 'அழுத்தம் சரி' என்றே காட்டியிருந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொசு விரட்டும் ஒலிச் செயலி கொசுவை விரட்டாது. இந்த வகை மின்னணுக் கருவிகளைப் பற்றிய 10 கள ஆய்வுகளை 2007இல் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் தொகுத்துப் பார்த்தார்கள். கொசுக்கடி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஈரப்பதச் செயலி காட்டும் எண் இணையத்திலுள்ள வானிலைக் கணக்கிலிருந்து வருகிறது. உங்கள் படுக்கையறை அதற்குத் தெரியாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் மறுமழை என்று இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் சுவரில் பூஞ்சை பிடிப்பதும், பீரோவுக்குள் துணி நாறுவதும் நிஜமான பிரச்சினை. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வைக்க வேண்டும். 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும் அறையில் பூஞ்சை வரலாம். போனின் வானிலைச் செயலி இங்கே வேறு விதத்தில் உதவும்: மழை விடும் மணிநேரங்களைப் பார்த்து ஜன்னலைத் திறக்கலாம், மெத்தையை வெயிலில் போடலாம். இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்', தமிழக அரசின் 'டிஎன்-அலர்ட்' இரண்டும் இதற்குப் போதும்.

காற்றுத் தரம் காட்டும் செயலியிலும் இதே கேள்விதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி, அளவீட்டு நிலையம் இருக்கும் இடங்களின் எண்ணைத்தான் தருகிறது. வேறு செயலி ஒன்று உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எண் காட்டினால், அதன் கீழே நிலையத்தின் பெயர் இருக்கிறதா, அது எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அது கணினி மாதிரியின் மதிப்பீடு.

நினைவூட்டல் ஏன் நின்றுபோகிறது

'முதல் வாரம் அடித்தது, பிறகு அடிக்கவில்லை' என்பதுதான் மாத்திரைச் செயலிகளைப் பற்றிய பொதுவான குறை. பெரும்பாலும் தவறு செயலியுடையதாக இருக்காது. சார்ஜை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடுவதைப் போனே நிறுத்திவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் பின்வரும் ஐந்தையும் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், குறிப்பிட்ட செயலி, நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக ஏற்றும் செயலி ஒவ்வொன்றும் அறிவிப்பு அனுப்பத் தனியாக அனுமதி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டிருந்தால் மணி எப்போதும் வராது.
2. அதே பக்கத்தில் பேட்டரி என்பதைத் தொட்டு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். சில கம்பெனிப் போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் இயக்க வேண்டும். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் அந்தச் செயலி சிக்கியிருந்தால் வெளியே எடுங்கள்.
3. 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' அனுமதி. ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக ஏற்றும் பல செயலிகளுக்கு இது தானாகக் கிடைப்பதில்லை. இது இல்லாவிட்டால் 8 மணி நினைவூட்டல் 8.20க்கு வரலாம், அல்லது போனைக் கையில் எடுக்கும்போதுதான் வரும்.
4. 'பயன்படுத்தாத செயலியை நிறுத்து' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் செயலியின் பக்கத்தின் அடியில் இருக்கும். அதை அணையுங்கள். மாதக்கணக்கில் செயலியைத் திறக்காமல், மணியை மட்டும் கேட்டு மாத்திரை போடுகிறவரின் செயலியை, யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிப் போன் உறங்கவைத்துவிடும்.
5. 'டூ நாட் டிஸ்டர்ப்' நேரத்தில் அலாரம் மட்டும் ஒலிக்க அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

இத்தனையும் சிரமம் என்றால், போனோடு வரும் கடிகாரச் செயலியே மாத்திரைக்குப் போதும். அலாரம் வைத்து, 'பிரஷர் மாத்திரை, காலை, சாப்பாட்டுக்குப் பின்' என்று பெயர் கொடுத்து, எல்லா நாளையும் தொட்டு வையுங்கள். அதற்கு இணையம் வேண்டாம். தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் சிக்னல் இல்லாமல் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது: சர்வரிலிருந்து வரும் நினைவூட்டல் கடலில் வராது, போனுக்குள் இருக்கும் அலாரம் சார்ஜ் இருக்கும்வரை அடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு நினைவூட்டல் வைப்பவர்கள் நேரத்தில் தவறுகிறார்கள். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணிநேரம் பின்னால், சவுதி இரண்டரை மணிநேரம் பின்னால். துபாயில் இருந்துகொண்டு கூகுள் காலண்டரில் காலை 8 மணிக்கு 'அம்மா மாத்திரை' என்று போட்டு அம்மாவோடு பகிர்ந்தால், மார்த்தாண்டத்தில் அது 9.30க்கு அடிக்கும். நிகழ்வைச் சேர்க்கும் பக்கத்தில் நேரமண்டலம் என்ற இடத்தைத் தொட்டு இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு 8 மணி போட வேண்டும்.

மாத்திரை தீர்வதற்கு 7 நாளுக்கு முன்பும் ஒரு நினைவூட்டல் வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பணியாளர் வரும் நாள் தள்ளிப்போனாலும் இடையில் மாத்திரை இல்லாமல் ஆகிவிடாது.

வாரம் ஒரு நாள்: தண்ணீர் தேங்கும் இடங்கள்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் அறாது. அதனால் ஞாயிறு காலை 9 மணி என்று திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டல் ஒன்றைக் குடும்பக் காலண்டரில் வையுங்கள். அதன் குறிப்புப் பகுதியில் உங்கள் வீட்டுக்கான பட்டியலை ஒருமுறை எழுதிவிடலாம்:

ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு; பூச்செடித் தொட்டியின் அடித்தட்டு; கிணற்றடியில் கிடக்கும் பழைய வாளி; மொட்டைமாடித் தொட்டியின் மூடி; கோழிக்கும் பூனைக்கும் தண்ணீர் வைக்கும் சட்டி; விழாவுக்குக் கட்டிய தார்ப்பாயின் மடிப்பு.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இன்னொன்று சேர வேண்டும்: மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைகளும் கப்புகளும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும் அவை நிமிர்ந்தபடியே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பதுதான் வழி. பாத்திரத்தைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும்.

உப்புப் பாக்கெட்டும் குறிப்புச் செயலியும்

உணவுச் செயலியில் ஒவ்வொரு வேளையையும் பதிவது கொஞ்ச நாளில் சலித்துவிடும். அதைவிட எளிதாக, வீடு முழுவதற்கும் பயன்படும் ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் அது நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் போனில் உள்ள குறிப்புச் செயலியில் தேதியை எழுதுங்கள், தீரும் நாளில் மறுபடி எழுதுங்கள். 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. மீன் கழுவும் கல்லுப்பைத் தனி டப்பாவில் வைக்காவிட்டால் கணக்கு கெடும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேகவைத்து வடிக்கும் தண்ணீரோடு கொஞ்சம் உப்பு போய்விடும் என்பதும் உண்மை. மறுபக்கம் கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் இவற்றின் உப்பு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆக, இது துல்லியக் கணக்காக இருக்காது. ஆனால் இரண்டாவது பாக்கெட் முதல் பாக்கெட்டைவிட அதிக நாள் வந்ததா என்பதை இது தெளிவாகச் சொல்லும். எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் இதே முறை.

கலோரிச் செயலியை வைத்தே ஆக வேண்டும் என்றால், அதிலுள்ள 'மீன் குழம்பு' என்ற ஆயத்தப் பதிவைத் தொடாதீர்கள். அது எந்த ஊர் மீன் குழம்பு என்று யாருக்கும் தெரியாது. நம் வீடுகளில் தேங்காய் அரைத்து வைக்கும் குழம்பில் கலோரியின் பெரும்பங்கு தேங்காயில் இருக்கிறது: 100 கிராம் துருவலில் சுமார் 350 கலோரி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45. 'என் சமையல்' என்ற பகுதியில் பொருள்களைக் கிராமில் ஒருமுறை போட்டு, எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று வகுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். 120 கிராம் துருவல் அரைத்த குழம்பை நான்கு பேர் சாப்பிட்டால், தேங்காயால் மட்டும் ஆளுக்கு 105 கலோரி.

தண்ணீர் நினைவூட்டும் செயலிகள் எல்லோருக்கும் மூன்று லிட்டர் என்ற மாதிரி ஓர் இலக்கை வைக்கின்றன. சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவருக்கு டாக்டர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால், இந்த இலக்கு ஆபத்தானது. அவர் போனில் இந்தச் செயலியே வேண்டாம்.

பிரஷரும் சர்க்கரையும்: பதிவு பயன்பட வேண்டுமானால்

டாக்டருக்கு ஒற்றை எண் உதவாது. ஒரு வாரத்துச் சராசரி உதவும். மேற்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியை வைத்து இப்படி எடுங்கள்:

1. டீ, காப்பி, பீடி, சிகரெட், நடை எல்லாம் முடிந்து அரை மணிநேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.
2. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.
3. பட்டையைச் சட்டைமேல் கட்டாமல், வெறும் கையில் கட்டி, அது நெஞ்சின் உயரத்தில் வரும்படி கையை மேசைமேல் வையுங்கள். கை ஓர் அங்குலம் தாழ்ந்தால் சுமார் 2 புள்ளி கூடுதலாகக் காட்டும். மடியில் தொங்கவிட்டால் எவ்வளவு பிசகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.
4. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் பதியுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இப்படி இரண்டு, மாலையில் இரண்டு.
5. 7 நாளில் 28 எண்கள் சேரும். முதல் நாளின் 4 எண்களை விட்டுவிட்டு மீதி 24க்குச் சராசரி எடுங்கள்.

வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். 180/120க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலம் குறைதல் எது இருந்தாலும், போனில் அப்போது தேவைப்படும் எண் 108 மட்டும்தான். பட்டையின் அளவும் முக்கியம். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக் கைக்கானது. பருத்த கையில் அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

சர்க்கரைப் பதிவில் இரண்டு இடத்தில் தவறு வரும். முதலாவது, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிநேரம் என்பதை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. இரண்டாவது, அலகு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சில குளுக்கோமீட்டர்கள் 7.0 என்ற மாதிரி சிறிய எண் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால்தான் நம் ஊர் அளவு: 7.0 என்பது 126. செயலியின் செட்டிங்ஸில் அலகு மாறியிருந்தால் பதிவு முழுவதும் குழம்பிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவை மழைக்காலத்தில் திறந்து போட்டுவிட்டால் ஈரம் ஏறி எண் தவறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலடிக் கணக்கு

முடுக்கமானி, உடம்போடு ஒட்டியிருக்கும் போனின் சீரான ஆட்டத்தைக் காலடியாக எண்ணுகிறது. போன் மேசைமேல் கிடந்தால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்த நடை கணக்கில் வராது. நைட்டியில் பையில்லை, சாரத்தில் (லுங்கியில்) பையில்லை. வீட்டிலிருப்பவர்களின் எண் எப்போதும் குறைவாகவே காட்டும். குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினால் சில போன்கள் அதையும் நடை என்று சேர்த்துக்கொள்ளும். விறகு வெட்டுவதும் ரப்பர் மரத்தடியில் குனிந்து நிமிர்வதும் நல்ல உழைப்பு, ஆனால் போனுக்கு அது தெரியாது.

10,000 என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியோடு பரவிய எண். சராசரி 72 வயதான பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது; 7,500க்கு அருகில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றது. முழங்கால் வலியுள்ள பாட்டி 10,000 எட்டவில்லை என்று மனம் நோக வேண்டாம். இரண்டு வாரம் ஒரே பையில் போனைப் போட்டு நடந்து சராசரியைப் பாருங்கள், பிறகு அதோடு 1,000 கூட்டுங்கள்.

தூக்கம்

படுக்கையில் வைத்த போன் 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 40 நிமிடம்' என்று சொல்வது, அசைவையும் சத்தத்தையும் வைத்துச் செய்த ஊகம். ஒரே கட்டிலில் இருவர் படுத்தால் அந்த ஊகமும் கெடும். போனால் தூக்கத்துக்கு ஆகும் உண்மையான உதவி, அது அடங்கிக் கிடப்பதுதான். 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில் பெட்டைம் மோடை இரவு 10க்கு வையுங்கள். திரை நிறமிழந்து சாம்பலாகும், அறிவிப்புகள் நிற்கும்.

வளைகுடாவிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் இதை அணைத்துவிடுகிறார்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் நட்சத்திரமிட்ட எண்களை அனுமதிக்கலாம். 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பவரையும் அனுமதிக்கலாம். ஆனால் இது சாதாரண அழைப்புக்குத்தான் உறுதி. வாட்ஸ்அப், போட்டிம் வழியாக வரும் அழைப்புக்கு அந்தச் செயலியையே விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, குழுச் செய்திகளின் சத்தத்தை அந்தச் செயலிக்குள் போய்த் தனியாக அணையுங்கள்.

திரை பூட்டியிருக்கும்போது படிக்கக்கூடிய தகவல்

ஒரு ரூபாய் செலவில்லாத, எல்லோரும் இன்றே செய்ய வேண்டிய அமைப்பு இது. செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் ரத்தவகை, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதி, பூட்டிய திரையிலும் தெரியும்படி அனுமதி கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் பைக்கிலிருந்து விழுந்தால், 108இல் வருபவர்களுக்கு அந்த ஒரு வரி மிகவும் தேவைப்படும்.

பரிசோதனைச் சீட்டுகளைச் சாய்வாகப் போட்டோ எடுக்காமல், கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதியால் பிடிஎஃப் ஆக்கி, தேதி, பெயர், பரிசோதனை என்ற வரிசையில் பெயரிடுங்கள். மத்திய அரசின் மருத்துவக் கணக்கான 'ஆபா'வின் 14 இலக்க எண் வைத்திருப்பவர்கள், அதில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவுகளை அந்தச் செயலியிலேயே பார்க்கலாம்.

அனுமதியும் நீக்கமும்

மாத்திரை நினைவூட்டும் செயலிக்கு அறிவிப்பும் அலாரமும் போதும். அது தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், இருப்பிடம் கேட்டால் மறுத்துவிடுங்கள்; மறுத்தால் ஓடாது என்றால் வேறு செயலி பாருங்கள். எஸ்எம்எஸ் படிக்க முடிந்த செயலியால் வங்கியின் ஓடிபியும் படிக்க முடியும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை ஏற்றும் கோப்பு) எந்த அரசுத் திட்டத்தின் பெயரில் வந்தாலும் தொடாதீர்கள். தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

வேண்டாத செயலியைத் திரையிலிருந்து நீக்கினால் போனில் இருப்பது மட்டும் போகும். சர்வரில் ஏறிய பிரஷர், மாதவிலக்குத் தேதி, எடை எல்லாம் அங்கேயே கிடக்கும். முதலில் செயலிக்குள் போய் உங்கள் பதிவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கணக்கை அழிக்கும் வசதியைத் தேடி அழியுங்கள். கணக்குத் தொடங்க வைக்கும் செயலிகள் அந்த வசதியைத் தர வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி. அடுத்து, ஆரோக்கியச் செயலிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஆண்ட்ராய்டின் 'ஹெல்த் கனெக்ட்' பகுதியில் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். செயலியை நீக்குவது கடைசி வேலை.